சர்க்கரைக் காலுக்கு எந்த எண்ணெய்? தேங்காயா, வேம்பா, மத்தன் தைலமா?

சர்க்கரை நோயுள்ள அம்மாவின் குதிகால் வெடிப்பு பெரிதானதும், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஆளாளுக்கு ஓர் எண்ணெய் சொன்னார்கள். எதைத் தடவினாலும் ரத்தத்தில் சர்க்கரை இறங்காது, மாத்திரையை நிறுத்தவும் கூடாது. அது தெரிந்ததே. பேச்சு தோலைப் பற்றித்தான். சர்க்கரையால் நரம்பு கெட்டால் பாதத்தில் வியர்வை குறைகிறது. தோல் வறண்டு வெடிக்கிறது. வெடிப்பு வழியாகக் கிருமி நுழைகிறது. அதனால் எண்ணெய்ப் பசை வேண்டும்.

நாங்கள் தேங்காய் எண்ணெயில் நின்றுவிட்டோம். உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் தென்னைக்குக் குறைவில்லை, சரி. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: தடவிய பிறகும் தோல் தெளிவாகத் தெரிகிறது. மரத்துப்போன காலில் சிப்பி கிழித்தாலும் மீன்முள் ஏறினாலும் உறைக்காது. கடற்கரை ஊரில் இவை எங்கேதான் கிடக்காது? வலி காட்டிக்கொடுக்காததைக் கண்தான் பிடிக்க வேண்டும். ராத்திரி படுக்குமுன் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை ஒற்றித் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, அப்புறம்தான் எண்ணெய். தடவும்போதே தடிப்பும் சூடும் கைக்குத் தட்டுப்படும். மறுநாள் சிவப்போ கொப்புளமோ வந்தால் மறையாது. விரலிடுக்கில் மட்டும் தடவுவதில்லை, ஈரம் தங்கிப் புண்ணாகும். காய்ச்சித் தடவுவதும் இல்லை. சுட்டாலும் அம்மாவுக்குத் தெரியாது. பகலில் தடவினால் மணல் ஒட்டிச் செருப்புக்குள் அராவும், டைல்ஸ் தரையில் வழுக்கும்.

வேப்பெண்ணெய்க்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. நாற்றம்தான் சகிக்காது. "இதத் தடவிக்கிட்டு யாரு பக்கத்துல உக்கார்றது?" என்று அம்மா ஒதுக்கிவிட்டார். எண்ணெயை ஒதுக்கினால் காலைப் பார்ப்பதும் நின்றுபோகிறது, அதுதான் பெரிய நஷ்டம். சிலருக்குத் தோல் எரிச்சலும் தரும். மரத்த காலில் அந்த எரிச்சலும் தெரியாது.

மத்தன் தைலம் வேறு வகை. ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு (மயில்துத்தம் என்ற செம்பு உப்பு) சேர்த்துக் காய்ச்சுவது; பச்சையாக இருக்கும். சித்த மருத்துவத்தில் ஆறாத புண்ணுக்குப் போடுகிறார்கள், வெறும் வெடிப்புக்கு அது எதற்கு? ஊமத்தை விஷச்செடி, துருசும் விளையாட்டுச் சரக்கல்ல; வீட்டில் காய்ச்சிப் பார்க்கும் வேலை வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவருக்குச் சித்த மருத்துவர் இந்தத் தைலத்தில் கட்டுப் போட்டுப் புண் ஆறியது. ஆனால் அந்தப் புண்காரர் அதே சமயம் தன் சர்க்கரையையும் இறக்கினார், செருப்பையும் மாற்றினார். தைலத்துக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு ஆளைப் பார்த்து நான் சொல்ல முடியாது. என் சங்கடம் அந்தப் பச்சை நிறம்: புண்ணின் ஓரம் கறுத்தால் நம் கண்ணுக்கு உடனே படுமா?

சின்னப் புண்ணானாலும் டாக்டரிடம் காட்டுவோம். அதில் நாற்றமோ, கறுப்போ, வீக்கமோ, கூடவே காய்ச்சலோ இருந்தால் எந்த எண்ணெயும் கிடையாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.