லைட்ரூமின் மொய்ரே தூரிகை: நிறம் போகும், வரி போகாது

கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை அணியும் நெருக்கமான நெசவுள்ள கோட்டையோ, நுண்கட்டம் போட்ட சட்டையையோ படமெடுப்பவர்களுக்கு, துணியில் இல்லவே இல்லாத பச்சையும் ஊதாவுமான அலைகள் படத்தில் நெளிவது பழகிய தொல்லை. இதற்கு மொய்ரே என்று பெயர். அதைப் போக்குவதற்கென்று அடோபி நிறுவனம் 2012இல் தன் படத் திருத்த மென்பொருளான லைட்ரூமின் 4ஆம் பதிப்பில் சேர்த்த வசதி, இன்றைய லைட்ரூம் கிளாசிக்கின் மாஸ்கிங் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து திருத்தும்) பகுதியில் ‘மொய்ரே’ என்ற ஒரு ஸ்லைடராக இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

துணியின் இழை வரிசையும் கேமராவின் ஒளி உணரியான சென்சாரின் பிக்சல் வரிசையும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் அமையும்போது, இரண்டிலும் இல்லாத மூன்றாவதொரு வரிக்கோலம் பிறக்கிறது. வழக்கமான பேயர் சென்சாரில் பாதிப் பிக்சல்கள் பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், கால் பங்கு நீலத்தையும் பதிவு செய்வதால், இடைவெளி அதிகமான சிவப்பும் நீலமும் முதலில் தடுமாறி, அந்தக் கோலத்துக்குப் பொய்யான நிறத்தைப் பூசிவிடுகின்றன. இந்தக் கருவி சரிசெய்வது பெரும்பாலும் அந்தப் பொய் நிறத்தைத்தான்.

அந்த வேலையில் இது திறமையானது. ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பை) திறந்து, கோட்டின் மீது மட்டும் தூரிகையை ஓட்டி, ஸ்லைடரைப் படிப்படியாக உயர்த்தினால், இழைகளின் கூர்மை பெரிதாகக் கெடாமலே வண்ண அலைகள் அடங்குகின்றன. ஆனால் தூரிகை துணியின் விளிம்பைத் தாண்டி, வேறு நிறமுள்ள கழுத்துப்பட்டையையோ மாலையையோ தொட்டுவிட்டால், அந்த நிறம் கோட்டுக்குள் கசிந்து சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். ஆகவே தூரிகையை நிற விளிம்புக்குள் அடக்கும் ஆட்டோ மாஸ்க்கை இயக்கிக்கொண்டு, ஒரே நிறப் பரப்புக்குள் நிற்பதே பாதுகாப்பு. பலநிறக் கட்டங்கள் உள்ள புடவையில் இந்தக் கட்டுப்பாடு நடைமுறைக்கே ஒத்துவராது என்பது இதன் பெரிய குறை.

இன்னொரு குறை அடிப்படையானது. நிறம் போன பிறகும் வெளிச்சமும் நிழலுமாக மாறி மாறி வரும் வரிகள் அப்படியே நிற்கும். ஸ்லைடரை 100 வரை இழுத்தாலும் அவை பெரும்பாலும் அசைவதில்லை. அவற்றுக்கு மருந்து கேமராவிடம்தான் இருக்கிறது: ஓரடி முன்னோ பின்னோ நகர்வது, கோணத்தைச் சற்றுத் திருப்புவது, அல்லது எஃப்/11, எஃப்/16 என்று லென்ஸின் துளையைச் சுருக்கி, ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) வரும் மென்மையைப் பயன்படுத்திக்கொள்வது. நிக்கான் டி800இ போல, நுண் விவரங்களைச் சற்று மங்கச் செய்து மொய்ரேயைக் குறைக்கும் லோ-பாஸ் வடிகட்டியின் விளைவை நீக்கிக் கூர்மையைக் கூட்டிய கேமராக்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் கட்டாயம்.

தூரிகையை எடுக்குமுன் படத்தை 100 விழுக்காட்டில் பார்த்துவிட வேண்டும். சுருக்கிக் காட்டும் திரையில் மட்டும் தோன்றி, முழு அளவில் மறைந்துவிடும் வரிகளும் உண்டு. அவற்றைத் திருத்துவது வீண் உழைப்பு. ஜேபெக் கோப்புகளிலும் ஸ்லைடர் இயங்கும் என்றாலும், பலன் ராவில் கிடைப்பதைவிடக் குறைவு.

ஏற்கெனவே லைட்ரூமுக்குச் சந்தா கட்டுகிறவர்கள் ஒருநிற உடைகளுக்கு இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். இந்த ஒரு வசதிக்காக மட்டும் புதிதாகச் சந்தா கட்டும்படி யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.