சாயமும் சுண்ணாம்பும்: லண்டன் தேயிலைப் பைகளோடு ஆறு வருடங்கள்

லண்டனுக்கு வந்த முதல் வருடத்தில், சுப்பர்மார்க்கெற்றில் கைக்கு அகப்பட்ட தேயிலைப் பைகளையெல்லாம் வாங்கிக் குடித்துவிட்டு, இந்த நாட்டில் வாய்க்குப் பிடித்த தேத்தண்ணி கிடைக்காது என்று முடிவுகட்டியவன் நான். அது பிழையான முடிவு என்று விளங்க மூன்று வருடங்கள் சென்றன. நாளுக்கு மூன்று கோப்பை குடித்து, பெட்டி மாறும்போதெல்லாம் ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதிவைத்து வந்த ஆறு வருடப் பழக்கத்தில் தேறியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுவைக்கும் முறை. கேத்தலில் நீர் கொதித்தவுடன் பையின்மேல் ஊற்றி, கடிகாரம் பார்த்து நான்கு நிமிடம் விட்டு, பையைப் பிழியாமல் எடுத்துவிடுவேன். பிழிந்தால் கடைசியில் இறங்குகிற கயர்ப்பும் சேர்ந்துவிடும். முதல் இரண்டு மிடறு வெறும் சாயமாகவும், மிச்சம் பால் விட்டும் குடிப்பேன், சீனி சேர்ப்பதில்லை. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் தேயிலையின் கயர்ப்பை ஏற்படுத்தும் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால், வெறும் சாயமாக நாக்கை இழுக்கும் தேநீர் பாலோடு மிக நன்றாக அமைவதும், வெறுமனே மணக்க மணக்க இருந்தது பால் பட்டவுடன் காணாமற் போவதும் உண்டு. ஆகவே ஒரு பெட்டியை ஒரே விதமாகக் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம்.

அதைவிடப் பெரிய அநியாயத்தை நான் முதல் வருடம் முழுவதும் செய்திருக்கிறேன். யோர்க்ஷயர் ரீயின் 80 பைகள் கொண்ட பெட்டியின் நிறை 250 கிராம். பை ஒன்றுக்கு 3 கிராமுக்குச் சற்று மேல். நூல் கட்டித் தனித்தனி உறையில் வரும் பைகளிலோ பெரும்பாலும் 2 கிராம்தான். இரண்டையும் ஒரே 250 மில்லிலீற்றர் மக்கில் போட்டுவிட்டு, பின்னதற்கு நேரே ‘சாயம் காணாது’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இப்போது 2 கிராம் பைக்கு 160 மில்லிலீற்றர் கோப்பை வைத்திருக்கிறேன். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒரே செறிவுதான். தேயிலையைச் சுவைத்து ஒப்பிடுவதற்கென்றே உள்ள ஐ.எஸ்.ஓ. 3103 என்ற அனைத்துலகத் தரநிலை 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், ஆறு நிமிடம் என்று இன்னும் கடுமையாகச் சொல்கிறது. (அதற்கு மூலமான பிரித்தானியத் தரநிலைக்கு, தேத்தண்ணி போட ஆறு பக்கம் எழுதியதற்காக 1999இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசும் கிடைத்தது.)

பைக்குள் இருப்பது பெரும்பாலும் நொறுக்கிச் சுருட்டிய சீ.ரீ.சீ. தேயிலை, கென்யா, அசாம், ருவாண்டா போன்ற இடங்களிலிருந்து வந்து கலக்கப்படுவது. சாயம் விரைவாகவும் கடுமையாகவும் இறங்கும். நாங்கள் ஊரில் குடித்துப் பழகிய இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி பழைய உருட்டும் முறையில் செய்யப்படுவது. அந்த நுவரெலியா மணத்தை இந்தப் பெட்டிகளில் தேடினால் ஏமாற்றந்தான். அது வேண்டுமானால் பெட்டியில் இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். முழுக்க இலங்கைத் தேயிலையாகவும் இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதாகவும் இருந்தால்தான் அதைப் போடலாம். இலங்கை நிறுவனமான டில்மாவின் தேயிலையை நான் மாலையில் பால் விடாமல் குடிக்கிறேன். அப்படிக் குடிக்கும்போது அதற்கு நிகராக இங்கே வேறொன்றையும் சொல்லமாட்டேன்.

ஆனால் என் கொப்பியைத் தலைகீழாக்கியது தேயிலையல்ல, நீர். மூன்றாம் வருடம் கிளாஸ்கோவிலுள்ள மச்சாள் வீட்டுக்குப் போயிருந்தபோது, நான் ‘மந்தம், மண் நிறம்’ என்று எழுதித் தள்ளிவைத்த அதே பெட்டியிலிருந்து அவர் ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்தார். மக்கின் விளிம்பில் செம்பொன் நிறம். வாயில் ஒரு சுறுசுறுப்பு. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதேதான். கிளாஸ்கோவுக்கு 1859 முதல் லொக் கற்றின் ஏரியிலிருந்து வருவது சுண்ணாம்பு குறைந்த மென்னீர். லண்டனில் வருவதோ சுண்ணக்கல் நிலத்தைக் கடந்துவரும் வன்னீர். அதில் தேநீர் போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் மேலே எண்ணெய் படர்ந்ததுபோல ஒரு மெல்லிய படலம் பிடிக்கும். கரண்டியால் தொட்டால் தகடு தகடாக உடைந்து மக்கின் உட்புறத்தில் பழுப்பு வளையமாக ஒட்டும். மக் சரியாகக் கழுவப்படவில்லை என்று வீட்டில் எத்தனை தரம் சச்சரவு பட்டிருப்பேன்! நீரிலுள்ள கல்சியமும் இருகாபனேற்றும் தேயிலையின் பொலிபீனோல்களோடு சேர்ந்து காற்றுப்படும் மேற்பரப்பில் உண்டாக்குவது அது. ஒரு சொட்டு எலுமிச்சஞ்சாறு விட்டால் மறைந்துவிடும், பாலோடு அது சரிவராது என்பது வேறு கதை.

நீரின் சுண்ணாம்பைக் குறைக்கும் வடிகட்டிக் குடுவை வாங்கிய பிறகு பழைய பெட்டிகளை மீண்டும் ஒவ்வொன்றாக வாங்கிக் குடித்தேன். பாதிக்கு மேற்பட்ட தீர்ப்புகளை வெட்டி எழுதவேண்டியதாயிற்று. யோர்க்ஷயர் ரீ வன்னீருக்கென்றே தனிக் கலவையொன்று விற்கிறது. குழாய் நீரில் போட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, குடுவை நீரில் சாதாரணப் பெட்டியே போதும். யாழ்ப்பாணமும் சுண்ணக்கல் நிலந்தானே, அங்கே ஏன் இந்தக் குறை தெரியவில்லை என்று மாமியிடம் கேட்டேன். “அங்க நாங்கள் சாயம் போட்டுக் குடிச்சனாங்கள் தம்பி. நீ பையைக் கழுவின தண்ணியையெல்லோ குடிக்கிறாய்” என்றார். அதில் விஷயம் இருக்கிறது: கடுஞ்சாயத்தில் படலம் குறைவாகவே பிடிக்கும், மாப்பாலும் சீனியும் மிச்சத்தை மூடிவிடும்.

மலிவான கடைப் பெயர்ப் பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. குடிக்கலாம், ஒன்றில் மட்டும் பை பிரிந்து தூள் மிதந்தது. ஒருமுறை கறித்தூள் மணத்த பெட்டிக்குக் கடையைத் திட்டிவிட்டு, பிறகு பார்த்தால் ஊரிலிருந்து வந்த தூள்ப் பையைப் பக்கத்தில் வைத்தது நான்தான். உறையில்லாத பைகளைத் தகரப் பேணியில் அடைத்துவைப்பதே உத்தமம்.

இன்னும் ஒரு குறை தீரவில்லை. முன்பு பைகளை ஒட்டப் பொலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்ரிக்கைக் கலந்தார்கள். இப்போது பல பைகளில் தாவரத்திலிருந்து எடுக்கும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்ரிக் இருக்கிறது. மக்கும் என்று நம்பித் தோட்டத்துப் பசளைக் குவியலில் போட்டு வந்தேன். இரண்டு வருடங்கழித்துக் கிளறியபோது, உள்ளே ஒன்றுமில்லாமல் சல்லடைத் துணிபோல அப்படியே கிடந்தன. அது மக்குவதற்கு ஆலைக் குவியலின் வெப்பம் வேண்டுமாம். இப்போது பையைக் கிழித்துத் தேயிலையை மட்டும் ரோசாச் செடிக்குப் போடுகிறேன்.