ஆட்டிசம் முகாம் நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு

மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நோட்டீஸ் சுற்றுகிறது. பேச்சு வராத பிள்ளைகளுக்கு முகாமாம். ‘ஒரே நாளில் ஆட்டிசம் அசெஸ்மென்ட், அன்றைக்கே ரிப்போர்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். இதே ஆட்களிடம்தான் போன மீன்பிடித் தடைக்காலத்தில் நாங்கள் ஏமாந்தோம். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டுக்காரர் தடுக்கிறார். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மகனுக்கு அப்போது மூன்றரை வயது. ‘அம்மா’ என்ற சொல்கூட வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஆனால் அடுத்த வீட்டில் பிஸ்கட் கவரைப் பிரித்தால் ஓடுவான். பொறுக்கி வந்த சிப்பிகளைத் திண்ணை ஓரமாக வரிசையாக அடுக்குவான். ஒன்று கோணினாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுவான். மாமியார் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகச் சொன்னார், போனோம். அங்கே நாங்களாக உண்டியலில் போட்டதோடு சரி, யாரும் பேக்கேஜ் பேசவில்லை.

அப்புறம்தான் ராமநாதபுரத்தில் இருக்கும் இந்த நோட்டீஸ்காரர்களின் மையத்துக்குப் போனோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அதற்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். இவர்கள் அசெஸ்மென்டுக்கு மட்டும் கேட்டது 6,500. வளையலை அடகு வைத்துக் கட்டினோம்.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார். இருபது கேள்விகள், ஆமாம் இல்லை என்று டிக் அடிக்க வேண்டும். கையைக் காட்டினால் பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கிறானா என்பது மாதிரிக் கேள்விகள். அது எம்-சாட் என்ற படிவம் என்பதும், 16 முதல் 30 மாதம் வரையான குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. அந்த வயதிலும் அது சல்லடை மாதிரிதான். சந்தேகம் இருக்கிறது, மேற்கொண்டு பாருங்கள் என்று சொல்லும், அவ்வளவே. அதை வைத்து ஆட்டிசம் என்று முடிவு எழுத முடியாது.

உள்ளே ஒரு மேடம். என்ன படித்தவர் என்பது போர்டிலும் இல்லை, ரிப்போர்ட்டிலும் இல்லை. மகன் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அவருடைய நாற்காலிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பிறந்ததும் அழுதானா, எப்போது நடந்தான், காது கேட்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காதைத்தான் பார்க்க வேண்டும்!

சாயங்காலம் நான்கு பக்க ரிப்போர்ட் வந்தது, எல்லாம் ஆங்கிலம். நர்சிங் படிக்கும் என் அக்கா மகள் பஸ்ஸில் வாசித்துக்கொண்டே வந்தவள், மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள். அங்கே வேறொரு பிள்ளையின் பெயர் இருந்தது. ‘மழலைப் பாடல்களை நன்றாகப் பாடுகிறாள்’ என்று வேறு எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘கடுமையான ஆட்டிசம், 75 சதவீதம்’. அதற்குக் கீழேயே ஆறு மாத தெரபி பேக்கேஜ் 48,000, இந்த வாரம் கட்டினால் தள்ளுபடி. கூடவே ஸ்டெம் செல் ஊசிக்கு ஒரு துண்டு நோட்டீஸ். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது.

போன் செய்தேன். “டைப்பிங் மிஸ்டேக்மா, டயக்னோசிஸ் கரெக்ட்தான். நாள் கடத்துனா உங்க பிள்ளைக்குத்தான் நஷ்டம்” என்றார்கள். இந்தக் கடைசி வரிக்குத்தான் எந்தத் தாயும் பயப்படுவாள். அது தெரிந்துதான் சொல்கிறார்கள். அந்தப் பயத்தில் முன்பணம் 10,000 கட்டினோம்.

அங்கன்வாடி டீச்சர் சொல்லித்தான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் டி.இ.ஐ.சி., அதாவது பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போனோம். பணம் கிடையாது. காத்திருக்க வேண்டியிருந்தது, அதையும் மறைக்கவில்லை. முதலில் பெரா என்ற காது கேட்கும் பரிசோதனையை எடுத்து வரச் சொன்னார்கள், காது நன்றாக இருந்தது. அப்புறம் தரையில் உட்கார்ந்து மகனோடு விளையாடியே பார்த்தார்கள். பந்தை உருட்டினார்கள், அவன் பார்வை எங்கே போகிறது என்று குறித்துக்கொண்டார்கள், வீட்டில் எப்படி இருக்கிறான் என்று எங்களிடம் தனியாகக் கேட்டார்கள். ஐசா என்ற இந்திய அளவுகோலில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 153-ஐத் தாண்டினால்தான் கடுமையானது. என் மகன் லேசான பிரிவில் வந்தான்.

‘அப்போ ஆட்டிசம் இருக்கிறதுதானே, அவர்கள் சொன்னதில் என்ன தப்பு’ என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். லேசானதைக் கடுமையானது என்றார்கள், அதுவும் பிள்ளையைப் பார்க்காமலேயே. அந்த ரிப்போர்ட்டை வைத்து ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்க முடியாது, அது மருத்துவக் குழு பார்த்துத் தருவது. சான்றிதழ் இல்லாவிட்டால் ஊனமுற்றோருக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை கிடையாது, தெரபிச் செலவுக்கும் கைகொடுக்கிற நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீடும் கிடையாது.

தனியாரிடம் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். மதுரையில் நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால், பிள்ளையைப் பார்க்கப் போவது யார், அவருடைய ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர் எல்லோருக்கும் அது இருக்க வேண்டும், அந்தக் கவுன்சிலின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண். நான் கேட்டபோது “அதெல்லாம் ஹெட் ஆபீஸ்ல இருக்குமா” என்றார்கள்.

பேக்கேஜ் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பிய பிறகு பாதி வந்தது. மீதிக்கும் 6,500-க்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ரசீதும் வேறு பிள்ளையின் பெயர் இருக்கும் அந்த மூன்றாம் பக்கமும் கையில் இருக்கின்றன.