பின்சீட்டில் உட்கார்ந்து டெஸ்ட் ரைடு போனவன் எழுதுவது

போன சனிக்கிழமை, நான் பழைய பைக் வாங்கின கடையைத் தாண்டிப் போகும்போது பார்த்தேன். கடைப் பையன் வண்டியை ஓட்ட, வாங்க வந்தவர் பின்னால் உட்கார்ந்து டெஸ்ட் ரைடு போய்க்கொண்டிருந்தார். பதினோரு மாதம் முன்னால் அதே பையனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அதைப் பார்த்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். கடைப் பெயர் கேட்டு யாரும் வர வேண்டாம், சொல்லப் போவதில்லை. இந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது.

எனக்கு 34 வயது. நம்ம பக்கம் பையன்கள் பத்தாவது படிக்கும்போதே மாமா வண்டியைத் திருட்டுத்தனமாக எடுத்துத் தெருவில் ஒரு ரவுண்டு அடித்துவிடுவார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை, வீட்டில் சைக்கிள்தான், அப்புறம் சென்னையில் வேலை, மின்சார ரயில், ஷேர் ஆட்டோ என்று காலம் ஓடிவிட்டது. திருச்சிக்கு மாற்றலாகி வந்தபிறகுதான் வண்டி இல்லாமல் முடியாது என்று ஆனது. எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) போட்ட கையோடு அந்தக் கடைக்குப் போனேன். இந்த வயதில் "எனக்கு ஓட்டத் தெரியாது" என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் கடைக்காரர் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்று சாவியைக் கொடுத்தார், வண்டி கியரில் இருந்தது தெரியாமல், கிளட்சும் பிடிக்காமல் செல்ஃபை அழுத்தினேன், வண்டி ஒரு குதி குதித்துப் பக்கத்து வண்டியில் போய் இடித்தது. அந்த நிமிடத்திலிருந்து சார் போய் தம்பி வந்துவிட்டது.

2017 மாடல், 150 சிசி. "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி தம்பி, மழையில்கூட எடுக்க மாட்டார்." மீட்டரில் 19,800 கிலோமீட்டர். ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, இருக்கிறதா என்று எங்கோ படித்ததை வைத்துக் கேட்டேன், "டிஸ்க் பிரேக் இருந்தாலே ஏபிஎஸ்தான்" என்று காதில் பூ சுற்றினார், நானும் தலையாட்டினேன். ஏபிஎஸ் உள்ள வண்டியில் சாவியைப் போட்டதும் மீட்டரில் மஞ்சளாக ஒரு ஏபிஎஸ் விளக்கு எரியும், கொஞ்ச தூரம் நகர்ந்ததும் அணையும். அந்த விளக்கே இல்லை என்றால் ஏபிஎஸ்ஸும் இல்லை. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் முழுக்கக் கட்டாயமானது 2019 ஏப்ரலில் இருந்துதான், அதற்கு முந்தைய வண்டி என்றால் சந்தேகப்பட்டே பாருங்கள்.

48,000 ரூபாய்க்கு முடிந்தது. ரசீது கேட்டதற்கு ஒரு வெள்ளைச் சீட்டில் "48 பெய்டு" என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்துகூடக் கிடையாது.

அடுத்த இரண்டு மாதம்தான் கொடுமை. வண்டி இடது பக்கமாக இழுத்தது. நேராகப் போக வேண்டும் என்றால் வலது கையால் லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், நாற்பதைத் தாண்டினால் ஹேண்டில்பார் உதறும். புதுசாகக் கற்றுக்கொள்பவனுக்கு வண்டி எப்படிப் போக வேண்டும் என்றே தெரியாதே. எனக்குத்தான் பேலன்ஸ் வரவில்லை என்று நினைத்தேன். தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் காலித் தெருவில் பழகினேன், தோள்பட்டை வலிக்க வலிக்க வீடு திரும்பினேன், இரண்டு தடவை இடது பக்கமே விழுந்தேன். பைக் நமக்கு ஒத்துவராது, விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொல்லும் அளவுக்குப் போய்விட்டது.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர் ஒரு நாள் வண்டியை வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, தெருமுனைகூடத் தாண்டாமல் திரும்பி வந்தார். "இதையா இத்தனை நாள் ஓட்டுறீங்க?" என்றார். அவரே தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கூட்டிப் போனார். அந்த அண்ணன் வண்டியைத் தொடக்கூட இல்லை, முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையே பார்த்தார். அப்புறம் முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க் பைப் இரண்டையும் உருவி, பக்கத்து டீக்கடை கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து உருட்டினார். ஒன்று வழுக்கிக்கொண்டு உருண்டது. இன்னொன்று அரை வட்டத்துக்கு ஒரு தடவை தூக்கிப் போட்டது. எங்கோ நேருக்கு நேர் மோதிய வண்டி, ஒரு தடவை பெண்டு எடுத்து மறுபடி மாட்டியிருக்கிறார்கள் என்றார். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட்டும் போயிருந்தது. பைப், ஆயில் சீல், கோன் செட், கூலி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். வண்டி எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸில் விசாரித்தபோது கடைசி சர்வீஸ் 43,000 கிலோமீட்டரைத் தாண்டி நடந்திருந்தது தெரிந்தது. டாக்டர் நன்றாகவே ஓட்டியிருக்கிறார்.

ஃபோர்க் மாற்றிய அன்று சாயங்காலம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் ஓட்டினேன். வண்டி நேராகப் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிக்காதீர்கள்.

அதனால் பழைய வண்டி பார்க்கப் போகும்போது நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், வண்டியை அவர் ஓட்டட்டும், கடைப் பையன் வேண்டாம். மெக்கானிக்குக் கையில் ஐநூறு கொடுத்துக் கூட்டிப் போனாலும் லாபம்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2317 என்றால் 2017-இன் 23-வது வாரம் செய்தது. இருபதாயிரம்கூட ஓடாத வண்டியில் இரண்டு டயரும் மாற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு ஒப்பிடுங்கள், துரு என்று சொல்லி மழுப்பினால் துணி வாங்கித் துடைத்துப் பாருங்கள்.

ஆர்சி என்றதும் அடுத்த கதை. எனக்குக் காட்டியது மங்கலான ஜெராக்ஸ். ஒரிஜினலில் ஹைப்பாத்திகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்று ஒரு ஃபைனான்ஸ் பெயர் இருந்தது. கடன் கட்டி முடித்தாகிவிட்டது, ஃபைனான்ஸ்காரர்கள் ஆட்சேபணை இல்லை என்று தரும் என்ஓசி இரண்டு நாளில் வரும் என்றார் கடைக்காரர், நான்கு மாதம் ஆனது. என்ஓசியும் படிவம் 35-உம் கொடுத்து அந்தப் பதிவை நீக்காமல் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாலும் வண்டி நம் பெயருக்கு மாறாது. இன்சூரன்ஸ் வேறு காலாவதி. அந்த நான்கு மாதத்தில் யாரையாவது இடித்திருந்தால் என் நிலைமை என்ன என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரிஜினல் ஆர்சியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

ஹெல்மெட் "நம்ம கடை கிஃப்ட்". ஐஎஸ்ஐ என்று ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். உண்மையான முத்திரை என்றால் மேலே ஐஎஸ் 4151 என்றும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும், அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். என்னுடையதில் எண்ணே இல்லை. மெக்கானிக் அண்ணன் உள் துணியை விலக்கிக் காட்டினார், டிவி பெட்டியில் வருமே, அதைவிட மெல்லிய தெர்மோகோல். 2021 ஜூன் முதல் இந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி குற்றம், ஆனால் ரோட்டோரத்தில் இன்றைக்கும் குவித்து வைத்திருக்கிறார்கள். ஜாக்கெட் எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம், ஹெல்மெட்டுக்கு அடுத்து கையுறை வாங்குங்கள். விழும்போது கைதான் முதலில் தரையில் ஊன்றும், என் இடது உள்ளங்கைத் தழும்பு சாட்சி.

டிரைவிங் ஸ்கூலையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸோடு சேர்த்து 6,500 ரூபாய் "பேக்கேஜ்", பத்து வகுப்பு என்றார்கள், நடந்தது நான்கு. மூன்று பேருக்கு ஒரு வண்டி, முதல் கியரிலேயே எட்டு போடுவது, கால் ஊன்றாமல் எட்டு போட்டால் ஆர்டிஓவிடம் பாஸ், அதோடு அவர்கள் கடமை முடிந்தது. இரண்டாவது கியர் போடவே கற்றுத்தரவில்லை. இதில் எனக்கு மன்னிக்க முடியாதது, "முன் பிரேக்கைத் தொடாதீங்க, தூக்கிப் போட்டுடும்" என்று மாஸ்டர் சொன்னது. பிரேக் பிடித்ததும் பாரத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு வந்துவிடும், பின்சக்கரம் லேசாகிவிடும், அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். தூக்கிப் போடுவது சட்டென்று கவ்விப் பிடித்தால்தான், அதிலும் மணலிலோ திரும்பும்போதோ. அலுவலக நண்பர்தான் ஜி கார்னரில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட வைத்து, பஞ்சைப் பிழிவது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக முன் பிரேக்கை அழுத்தி, பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்க அது மட்டும்தான்.

என்ன வண்டி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, ஸ்ப்ளெண்டர் மாதிரி 100 சிசி வண்டி சுமார் 112 கிலோ, கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. சிக்னலில் கால் தவறி வண்டி சாயும்போது அந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். முதல் வருடம் சின்ன வண்டி போதும் என்பது என் கருத்து, அதற்கு மேல் உங்கள் ஆசை.

கடைக்காரரிடம் பேசிப் பலனில்லை என்று ஆனதும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பத்தாவது நாள் அவரே போன் செய்தார். "தம்பி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிச்சுக் கொடுத்திருப்பேனே" என்றார், நான் அதற்கு முன் இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். என்ஓசி மறுநாளே வந்தது. ஃபோர்க் செலவைக் கேட்டேன். எங்க கடையில் வாங்கின ரசீது இருக்கா என்று கேட்டார். அந்த வெள்ளைச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், இங்க் மங்கி, எட்டு மட்டும்தான் தெரிகிறது.