ஏழு ஆண்டுகள், ஒரே ஹார்ட் டிஸ்க்: மூன்று முறை திறக்க மறுத்தது, மூன்றும் வேறு கோளாறு

நான் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பவன். ஒரு புத்தகம் என்றால் எழுத்துருக்கள், படங்கள், மெய்ப்புப் படிகள், அச்சுக்குப் போன கடைசிப் படி என்று நூற்றுக்கணக்கில் கோப்புகள் சேர்ந்துவிடும். அவற்றை வைப்பதற்காக ஏழு ஆண்டுகளுக்கு முன்பு உள்ளங்கையில் அடங்கும் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கினேன். அநேகமாக தினமும் பயன்படுத்தினேன். இத்தனை காலத்தில் அது மூன்று முறை திறக்க மறுத்தது. பலரும் இந்த இடத்தில் ‘டிஸ்க் போய்விட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் முதல் இரண்டு முறையும் அது போகவே இல்லை. மூன்றாம் முறை போய்க்கொண்டிருந்தபோதும் உள்ளே இருந்தவற்றை எடுக்க முடிந்தது.

முதல் கோளாறு இரண்டாம் ஆண்டில் வந்தது. செருகியதும் விண்டோஸ் வழக்கமாக எழுப்பும் இணைப்பு ஒலி கேட்டது; இரண்டு மூன்று விநாடியில் துண்டிப்பு ஒலி. மறுபடியும் இணைந்தது, மறுபடியும் துண்டித்துக்கொண்டது. மேசைமேல் இருந்த டிஸ்கில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் மெல்லிய இரைச்சல் எழுந்து, முழு வேகத்தை எட்டுவதற்குள் அடங்கிப்போனது. கேபிள் செருகிய இடத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பிடித்தபோது விளக்கு நிலையாக எரிந்தது. விரலை எடுத்தால் அணைந்தது.

இந்த வகை டிஸ்குகளுக்குத் தனி மின் இணைப்பு கிடையாது, கணினியின் யூ.எஸ்.பி. போர்ட் தரும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. விதிப்படி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் தருவது 900. நின்றிருக்கும் தட்டு சுழல எழும்பும் அந்தச் சில விநாடிகளில்தான் டிஸ்க் அதிக மின்சாரம் கேட்கும். தளர்ந்த கேபிளோ, ஒரே போர்ட்டைப் பலவாகப் பிரித்து நாலைந்து கருவிகள் தொங்கும் ஹப்போ அதைக் கொடுக்க முடியாமல் போனால் டிஸ்க் எழுந்து எழுந்து விழும்.

கேபிள்தான் காரணம் என்று உறுதிசெய்ய ஒரு வழி கிடைத்தது. என் டிஸ்கில் இருப்பது இரண்டு பகுதிகளாகப் பிரிந்த அகலமான துளை. அதன் பெரிய பகுதியில் பழைய செல்பேசிகளின் மைக்ரோ யூ.எஸ்.பி. கேபிள் அப்படியே பொருந்தும். வேகம் 2.0 அளவுக்குக் குறையும், ஆனால் வேலை செய்யும். (சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும் கேபிள்களும் உண்டு, அவை இதற்கு உதவாது.) அப்படிச் செருகியதும் டிஸ்க் ஒரே முறையில் திறந்தது. புதிய கேபிள் வாங்கினேன், ஹப்பை விட்டுவிட்டு நேராகக் கணினியிலேயே செருகினேன். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லை. டிஸ்கைக் குறை சொல்லும் முன் கேபிள், போர்ட், வேறொரு கணினி ஆகிய மூன்றையும் மாற்றிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.

இரண்டாவது கோளாறுக்குக் காரணம் நான். விண்டோஸ், மேக் இரண்டிலும் வேலை செய்ய வேண்டியிருந்ததால் டிஸ்கை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைக்கு, அதாவது கோப்புகளை டிஸ்கில் அடுக்கிவைக்கும் ஒரு விதத்துக்கு, மாற்றியிருந்தேன். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் இருந்தால் மேக் அதைப் படிக்குமே தவிர, தானாக எழுதாது. எக்ஸ்ஃபேட் அந்த வசதியைத் தருகிறது. ஆனால் என்.டி.எஃப்.எஸ்.ஸில் இருப்பதுபோல் செய்துகொண்டிருக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு அதில் கிடையாது. கோப்புகள் நகர்ந்துகொண்டிருந்தபோதே அவசரமாகக் கேபிளை உருவிவிட்டேன். மறுநாள் விண்டோஸ் கேட்டது: டிஸ்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?

அந்தப் பெட்டியில் ‘ஆம்’ என்பதை அழுத்தவே கூடாது. ரத்துசெய்துவிட்டு டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியைத் திறந்தேன். டிஸ்கின் நிலையைப் பார்க்க அதைவிட நல்ல இடம் விண்டோஸில் இல்லை. டிஸ்கின் பெயரே அங்கு வரவில்லை என்றால் சந்தேகம் கேபிள், மின்சாரம், டிஸ்கின் மின்பலகை ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். பெயரும் கொள்ளளவும் சரியாக இருந்து டிரைவ் எழுத்து மட்டும் இல்லாவிட்டால் ஓர் எழுத்தைக் கொடுத்தாலே திறந்துவிடும். என் டிஸ்க் முழுக் கொள்ளளவோடு, ‘ரா’ (RAW) என்ற குறிப்போடு தெரிந்தது; கோப்பு முறையை விண்டோஸால் அடையாளம் காண முடியவில்லை என்று அதற்குப் பொருள். புத்தக வேலை செய்பவனாக நான் இதை இப்படித்தான் புரிந்துகொண்டேன்: பொருளடக்கம் கிழிந்திருக்கிறது, பக்கங்கள் அவையவை இருந்த இடத்தில் இருக்கின்றன. ஃபார்மட் செய்தால் வெற்றுப் பொருளடக்கம் ஒன்று புதிதாக எழுதப்படும். அதற்குப் பிறகு சேமிக்கும் ஒவ்வொரு கோப்பும் பழைய பக்கங்களின்மேல் போய் உட்காரும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்று டிஸ்கில் ஒரு எழுத்தைக்கூட எழுதாமல், இன்னொரு டிஸ்குக்கு முழு நகல் எடுத்தேன். விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் 2 டிபி நகர ஐந்தரை மணி நேரம் ஆகும். எனக்கு அதற்கும் மேல் ஆனது. பிறகு அந்த நகலின் மீது டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். எக்ஸ்ஃபேட் தன் தொடக்கப் பகுதியின் மாற்றுப்படி ஒன்றை டிஸ்கிலேயே வைத்திருக்கும். அதிலிருந்து மீட்டதும் கோப்புறைகள் பழைய பெயர்களோடு வரிசையாக வந்து நின்றன. போன உயிர் திரும்பி வந்தது. அந்த வழி பலிக்காவிட்டால் அதன் துணை மென்பொருளான ஃபோட்டோரெக் கோப்புகளைத் தோண்டி எடுக்கும், ஆனால் பெயர்கள் போய்விடும். ஆயிரக்கணக்கான படங்களைப் பெயரில்லாமல் பிரிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

திறக்க அனுமதி இல்லை என்று மட்டும் சொன்னால் அது வேறு விஷயம். வேறொரு கணினியில் உருவான கோப்புறையின் உரிமை பழைய பயனரிடம் இருப்பதால் அப்படி வரலாம். அங்கே டிஸ்க் நலமாகவே இருக்கும்.

மூன்றாவதுதான் உண்மையான நோய். ஆறாம் ஆண்டில் ஒரு கோப்புறையைத் திறக்க ஒரு நிமிடம் ஆனது. சில படங்களைத் தொட்டாலே கணினி உறைந்து நின்றது. காதை வைத்தால் சீரான இரைச்சலுக்கு நடுவே ‘டிக்’ என்று ஒரு தட்டல், சிறு இடைவெளி, மறுபடி ஒரு தட்டல். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையைப் பார்த்தேன். அதில் 197-ஆம் எண், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்களை (தட்டின் சிறு சிறு பகுதிகளை) எண்ணிச் சொல்வது. அது பூஜ்யமாக இருக்க வேண்டும். முதல் நாள் 16 என்று இருந்தது, மறுநாள் 40.

இந்தக் கட்டத்தில் விண்டோஸில் டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் (chkdsk) கட்டளையை ஓட்டச் சொல்லி நண்பர்கள் அக்கறையோடு சொன்னார்கள். நான் ஓட்டவில்லை, யாரையும் ஓட்டச் சொல்லவும் மாட்டேன். அது சரிசெய்வது கோப்பு முறையின் கணக்கை. நம் கோப்புகளைக் காப்பது அதன் வேலை இல்லை. நோயுற்ற டிஸ்கை நெடுநேரம் ஓட வைத்து, அதன்மேல் எழுதவும் செய்யும். உறைபெட்டியில் வைத்து எடுக்கும் வைத்தியமும் வேண்டாம். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். சுழலும் தட்டுக்கு மேல் படிக்கும் முனை மிதப்பது சில நானோமீட்டர் உயரத்தில். அங்கே ஒரு துளி ஈரமும் ஒரு தூசியும் போதும், தட்டைக் கீறிவிடும். உறையைக் கழற்றி உள்ளிருக்கும் டிஸ்கைக் கணினியில் நேரடியாகப் பொருத்தும் வழியும் எனக்கு மூடியிருந்தது. இப்போதைய சிறிய டிஸ்குகள் பலவற்றில் யூ.எஸ்.பி. துளை டிஸ்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

லினக்ஸில் டிடிரெஸ்க்யூ மென்பொருளைக் கொண்டு நகல் எடுத்தேன். சாதாரணமாக நகலெடுக்கும்போது கணினி கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது அந்த இடத்தைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்கிறது, பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்புகிறது. எது முடிந்தது, எது மிச்சம் என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்தும் வைக்கிறது. அதனால் டிஸ்க் சூடாகும்போது நிறுத்தி, ஆறவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. மூன்று இரவுகள் ஆயின. இழந்தது ஓர் அட்டைப்படமும் ஒரு பழைய மெய்ப்புப் படியும் மட்டுமே. தட்டல் ஓயாமல் கேட்டு, கணினியும் டிஸ்கை அடையாளம் காணவில்லை என்றால் நானும் இதைச் செய்திருக்க மாட்டேன். உடனே மின்சாரத்தை நிறுத்தி, தூசியற்ற அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்திடம் கொடுத்திருப்பேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தினமும் உழைத்த டிஸ்கின்மேல் எனக்குக் குறையில்லை. அதை ஒரே இருப்பிடமாக வைத்திருந்தது மட்டும் தவறு. இப்போது இரண்டு டிஸ்குகள் இருக்கின்றன. நகல் எடுக்கும் நேரம் தவிர ஒன்று எப்போதும் கணினியிலிருந்து விலகியே இருக்கும். மாதக் கடைசியில் அதிலிருந்து ஏதாவது ஒரு பழைய புத்தகத்தை எடுத்துத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்க்கிறேன். போன மாதம் கைக்கு வந்தது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு முடித்த ஒரு சிறுவர் நூல். படங்கள் ஒன்றுகூட விடுபடாமல் 96 பக்கங்களும் திறந்தன.