சின்னப் பட்டறையின் தோல் ஹோல்ஸ்டர்: இரண்டு கோடைக்குப் பிறகு

க்ளாக் 19 கைத்துப்பாக்கி, ஐந்தாம் தலைமுறை, வலக்கைக்காரருக்கானது. பேன்ட்டுக்கு உள்ளே, வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், இடுப்பைச் சுற்றிக் கடிகாரம் வரைந்தால் நான்கு மணி வரும் இடத்தில் உட்காருகிற தோல் ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை. முன்னோக்கி 15 டிகிரி சாய்வு. பெல்ட்டைப் பிடிக்க பிரஸ் பட்டன் வைத்த இரண்டு தோல் வளையங்கள். உடம்பின் வியர்வை ஸ்லைடில் (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி) படாமல் தடுக்க ஒரு மேல்மடல். விலை 115 டாலர். செய்தவர் டெக்சாஸில் புதிதாகத் தொழில் தொடங்கிய, ஒற்றை ஆளாகப் பட்டறை நடத்துபவர். இரண்டு டெக்சாஸ் கோடையைப் பார்த்தபின் தீர்ப்பு இதுதான்: தோலும் தையலும் தேறிவிட்டன; துப்பாக்கி நுழையும் வாயும் பெல்ட் வளையப் பட்டனும் முதல் சுற்றில் தேறவில்லை.

மேலே போவதற்கு முன் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஹோல்ஸ்டர் வாங்க எந்தக் காகிதமும் வேண்டாம், யாரும் வாங்கலாம். துப்பாக்கி அப்படியல்ல. எச்-1பி போன்ற குடியேற்றமற்ற விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி ஏந்தலாம் என்று காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, விசாவைப் பார்க்காமல் கடைக்குப் போகிறவர்கள் நம்மவர்களிலும் உண்டு. அந்த மாநிலச் சட்டம் கூட்டாட்சித் தடையை நீக்காது.

இனி தோல். ஹோல்ஸ்டருக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல்தான் வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் செருப்புக்கும் ஷூவுக்கும் பெரும்பாலும் போகிற, குரோம் உப்பில் பதனிட்ட தோல் இதற்கு ஆகாது. அது மெத்தென்று வளையும். நனைத்து அழுத்தினாலும் வடிவம் பிடிக்காது. அதிலுள்ள உப்புகள் எஃகையும் அரிக்கும். பட்டைத் தோல் நனைந்தால் களிமண்ணைப் போல வடிவத்துக்கு வரும், காய்ந்தால் பலகையாக நிற்கும். அமெரிக்கத் தோல்காரர்கள் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். இந்த ஹோல்ஸ்டரின் முன்துண்டும் பின்துண்டும் 7–8 அவுன்ஸ். காலிப்பரில் 3 மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது. பேன்ட்டுக்குள் வைக்க இது சரியான தடிமன். 9 அவுன்ஸைத் தாண்டினால் இடுப்பில் துருத்தும். 6-க்குக் கீழே போனால் ஒரே கோடையில் துவண்டுவிடும்.

புதிய பட்டறையிடம் முதலில் கேட்க வேண்டியது தோல் எங்கிருந்து வருகிறது என்பதை. செயின்ட் லூயிஸின் ஹெர்மன் ஓக், பென்சில்வேனியாவின் விக்கெட் அண்ட் கிரெய்க் ஆகிய இரண்டும் இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற பெயர்கள். பதில் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் "நல்ல தோல் சார்" என்பதோடு பேச்சை முடிக்கிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

அடுத்த கேள்வி, எந்த மாதிரியை வைத்து வார்த்தார் என்பது. நனைத்த தோலுக்குள் நீல நிறப் பிளாஸ்டிக் மாதிரித் துப்பாக்கியைச் செருகி, எலும்பாலோ வழவழப்பான கோலாலோ விளிம்புகளைத் தேய்த்துப் பதியவைப்பார்கள். தோல் துப்பாக்கியைப் பிடித்து நிறுத்துவது இந்தப் பதிவால்தான், குறிப்பாக டிரிகர் கார்டின் (விசையைச் சுற்றியுள்ள வளையம்) முன்வளைவிலும் காலித் தோட்டா வெளியேறும் திறப்பிலும். புதிதாகத் தொடங்குகிறவர் காசை மிச்சப்படுத்த ஒரே மாதிரியை வைத்துப் பல தலைமுறைகளுக்கும் செய்வார். மூன்றாம் தலைமுறை க்ளாக் 19-க்கு ஸ்லைடை நிறுத்தும் நெம்பு இடப்பக்கம் மட்டுமே. ஐந்தாம் தலைமுறையில் இரு பக்கமும் உண்டு. பழைய மாதிரியில் இறுக்கமாக வார்த்தால் வலப்பக்க நெம்பு தோலில் உரசும். எங்களுக்கு வந்ததில் அந்த இடத்தில் மெல்லிய உரசல் தடம் இருந்தது. சில வாரங்களில் தோல் இடம்விட்டுவிட்டது, அதனால் குறையாக எழுதவில்லை. துப்பாக்கியில் விளக்கோ மேலே சிவப்புப் புள்ளிப் பார்வைக்கண்ணாடியோ இருந்தால் இது இவ்வளவு எளிதில் தீராது. அவற்றுக்குத் தனி மாதிரியும் தனி வெட்டும் வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்தில் சொல்லுங்கள். அளவெடுக்க என்று நிஜத் துப்பாக்கியை அஞ்சலில் அனுப்பச் சொன்னால் அந்தப் பட்டறையை விட்டுவிடுங்கள்.

இப்போது வாய்க்கு வருவோம். தோல் ஹோல்ஸ்டரின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. பேன்ட்டுக்குள் இருக்கும் உறையை ஒரு பக்கம் பெல்ட்டும் மறுபக்கம் உடம்பும் நசுக்குகின்றன. துப்பாக்கியை உருவியவுடன் வாய் மூடிக்கொண்டால், திரும்பச் செருக மற்றொரு கையால் வாயைத் திறந்து பிடிக்க வேண்டும். அப்போது துப்பாக்கியின் முனை உங்கள் விரலைப் பார்த்து நிற்கும். அதைவிட மோசமான நிலையும் உண்டு. துவண்ட விளிம்பு உள்நோக்கி மடிந்து, செருகும்போது டிரிகர் கார்டுக்குள் நுழைந்து, கை கீழே அழுத்த அழுத்த அந்த மடிப்பே விரலின் வேலையைச் செய்துவிடும். க்ளாக்கில் கையால் தள்ளும் பாதுகாப்பு நெம்பு கிடையாது. டிரிகரை முழுக்கப் பின்னுக்கு இழுத்தால் வெடிக்கும், இழுத்தது எது என்று அது பார்க்காது. பழைய தோலில் இப்படி நடந்த விபத்துகள் இருக்கின்றன. இதற்குத் தீர்வு புதிதல்ல. புரூஸ் நெல்சன் வடிவமைத்து, மில்ட் ஸ்பார்க்ஸ் பட்டறை பரவலாக்கிய சம்மர் ஸ்பெஷல் என்னும் ஹோல்ஸ்டரிலேயே வாய்ப்பட்டைக்குள் உலோகத் தகடு வந்துவிட்டது.

எங்களுக்கு வந்ததில் தகடு இல்லை. ஒன்றேகால் அங்குல அகலத் தோல் பட்டை ஒன்றை வாயைச் சுற்றித் தைத்திருந்தார். முதல் மாதங்களில் கல்லாக நின்றது. முதல் ஆகஸ்ட் முடிவதற்குள் உடம்புப் பக்கம் வியர்வையில் ஊறி ஊறி இளகி, வாய் நீள்வட்டமாகச் சுருங்கியது. மடிப்பு விழவில்லை. ஆனால் ஒரு கையால் திரும்பச் செருகும்போது முனை விளிம்பில் தட்டத் தொடங்கியது. அந்தக் கட்டத்திலேயே பயன்பாட்டை நிறுத்த வேண்டும், "பழகிவிடும்" என்று ஓட்டக்கூடாது. படத்தோடு எழுதியதும் பட்டறைக்காரர் திரும்பப் பெற்று, பட்டையைப் பிரித்து, உள்ளே ஸ்பிரிங் எஃகுத் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார். காசு வாங்கவில்லை. இரண்டாவது கோடையில் வாய் அசையவில்லை. சின்னப் பட்டறையில் வாங்குவதன் லாபமே இதுதான். செய்தவரே பதில் சொல்கிறார்.

வாயைச் சோதிக்கும் முறை இது. தோட்டா அடுக்கிய மேகசீனைக் கழற்றுங்கள். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, குழாயின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி என்று உறுதிசெய்யுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். வெறும் ஹோல்ஸ்டரைப் பெல்ட்டில் மாட்டி, பெல்ட்டை வழக்கம்போல் இறுக்கி, உட்கார்ந்து எழுந்து, குனிந்து பாருங்கள். வாய் திறந்தே இருக்க வேண்டும். பிறகு காலித் துப்பாக்கியைச் செருகி, ஹோல்ஸ்டரைக் கழற்றிக் கையில் வைத்து, டிரிகர் இருக்கும் இடத்தை வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். டிரிகர் அசைவது விரலுக்குத் தெரிந்தால் தோல் போதாது. கடைசியாக, மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து மெதுவாக உதறுங்கள். துப்பாக்கி விழக்கூடாது. மூன்றையும் மாதம் ஒருமுறை செய்யலாம், வேலை ஐந்து நிமிடம்தான்.

மேகசீன் விடுவிக்கும் பொத்தானையும் பாருங்கள். வலக்கைக்காரர் இடுப்பில் க்ளாக்கின் இடப்பக்கம் உடம்பை நோக்கி இருக்கும், பொத்தானும் அந்தப் பக்கமே. மேல்மடலை அழகுக்காகக் கீழே இழுத்து வெட்டினால், காரில் சீட் பெல்ட் போட்டு உட்காரும்போது மடல் பொத்தானை அழுத்தும். மேகசீன் அரை அங்குலம் இறங்கி நிற்கும், மாட்டியவருக்குத் தெரியவே தெரியாது. இவர் மடலைச் சரியாகவே வெட்டியிருக்கிறார். புதியவர்கள் அடிக்கடி தவறும் இடம் இது என்பதால் சொல்கிறேன்.

தையல் 277 எண் நைலான் நூலில், அங்குலத்துக்கு ஆறு தையல், இயந்திரத்தில் போட்டது. கைத்தையல்தான் உசத்தி என்பவர்களோடு சண்டை இல்லை. ஆனால் கனமான தோல் இயந்திரத்தில் ஒழுங்காகப் போட்ட பூட்டுத்தையல் இந்த வேலைக்குப் போதும். தையல் கோடு துப்பாக்கியின் ஓரத்தை ஒட்டி ஓடுகிறதா, நூல் தோலின் மட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் படிந்திருக்கிறதா என்ற இரண்டும்தான் முக்கியம். கோடு தள்ளிப் போனால் நாளாவட்டத்தில் பிடி தளரும். நூல் மேலே நின்றால் பெல்ட் உரசி அறுக்கும். இதில் இரண்டும் ஒழுங்கு, இதுவரை ஒரு தையலும் விடவில்லை.

பட்டன்கள் கதை வேறு. பைகளில் வருகிற சாதாரண பிரஸ் பட்டனைப் போட்டிருந்தார். காரிலிருந்து இறங்கும்போது பின்வளையம் தானாகத் திறந்துகொண்டது. உருவும்போது துப்பாக்கியோடு ஹோல்ஸ்டரும் வெளியே வந்துவிடும் அபாயம் இதில் இருக்கிறது. இந்த வேலைக்கென்றே புல்-தி-டாட் என்ற பட்டன் உண்டு. மூன்று பக்கம் பூட்டி நிற்கும், புள்ளி வைத்த ஒரு பக்கம் தூக்கினால்தான் திறக்கும். வாய்க்குத் தகடு வைத்தபோதே இதையும் மாற்றித்தரச் சொன்னோம். பிறகு தொல்லை இல்லை. வளையங்களைப் பிடிக்கும் திருகாணிகளுக்கு ஒரு சொட்டு நீல நிறத் திருகுப் பசை போதும். சிவப்பு போட்டால் பிறகு சூடாக்காமல் கழற்ற வராது.

பெல்ட் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை: ஒன்றரை அங்குல அகலம், இரட்டைத் தோல், கையில் முறுக்கினால் முறுக விடாத விறைப்பு. ஹோல்ஸ்டரைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேர் கட்டியிருப்பது ஆபீஸ் பெல்ட். பேன்ட்டையும் இடுப்பளவில் ஒன்றிரண்டு அங்குலம் கூட்டி வாங்க வேண்டும்.

புதிதாக வந்த ஹோல்ஸ்டரில் துப்பாக்கி பாதிகூட இறங்காமல் சிக்கும். பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. காலித் துப்பாக்கியை மெழுகுத்தாளில் ஒரு சுற்று சுற்றி, முழுவதும் அழுத்திச் செருகி, ஒரு ராத்திரி வைத்தால் போதும். தண்ணீரில் நனைக்கக் கூடாது, வார்ப்பு கலைந்துவிடும். நீட்ஸ்ஃபுட் எண்ணெய், மிங்க் எண்ணெய், நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. எண்ணெய் தோலை மென்மையாக்கும். செருப்புக்கு நல்லது, இங்கே அதுவே கெடுதல்.

சாயம் முதல் சில வாரம் வெள்ளை பனியனில் பழுப்பாக இறங்கியது. சாயம் போட்டபின் உலர்ந்த துணியால் போதுமான அளவு தேய்த்தெடுக்காமல் மேல்பூச்சு போட்டதன் விளைவு இது. வந்தவுடன் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். நிறம் இறங்கினால், இறங்குவது நிற்கும்வரை துடைத்து, நிறமில்லாத மெழுகை வெளிப்பக்கம் மட்டும் மெல்லியதாகத் தேயுங்கள். உள்பக்கத்துக்கு எதுவும் வேண்டாம்.

ராத்திரி துப்பாக்கியை ஹோல்ஸ்டரிலேயே வைத்துப் பெட்டகத்தில் பூட்டும் பழக்கம் கூடாது. பட்டைத் தோலில் பதனிட்ட அமிலமும் அன்றைய வியர்வையும் இருக்கின்றன. க்ளாக்கின் ஸ்லைடு தாங்கினாலும் சிறு ஊசிகளும், குறிபார்க்கும் பார்வைக்குறி எஃகு என்றால் அதுவும் துருப்பிடிக்கும். நீலப்பூச்சுப் பழைய துப்பாக்கி என்றால் புள்ளி புள்ளியாகக் குழி விழும். கழற்றியதும் துப்பாக்கியைத் துடைத்துத் தனியாகப் பூட்டுங்கள், ஹோல்ஸ்டரைக் காற்றாட மாட்டுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டும் வேண்டாம். ஈரத் தோல் சூட்டில் சுருங்கி வெடிக்கும்.

பணம் கொடுப்பதில் ஒரே ஒரு யோசனை: கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பட்டறைக்காரர் ஆறு வாரம் என்றார், தாமதமாகத்தான் வந்தது, ஆனால் தாமதத்தை அவரே முன்கூட்டி எழுதினார். அமெரிக்காவில் அஞ்சல் வழி, இணைய வழி விற்பனைக்குக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி இருக்கிறது. சொன்ன தேதிக்குள், தேதி சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் தெரிவித்து, ரத்து செய்து பணம் பெறும் வாய்ப்பையும் தர வேண்டும். ஒற்றை ஆள் பட்டறைக்கும் இது பொருந்தும்.

இதே பட்டறையில் இன்று வாங்குவதானால் ஆர்டரில் எழுத வேண்டியவை: துப்பாக்கியின் தலைமுறை, பார்வைக்குறியின் உயரம், வாய்ப்பட்டைக்குள் எஃகுத் தகடு, புல்-தி-டாட் பட்டன், பெல்ட் அகலம், உடம்புப் பக்கத் துண்டுக்கு முடிந்தால் குதிரைத்தோல். குதிரைத்தோல் அடர்த்தியானது, வியர்வையை எளிதில் உள்ளே விடாது. விலை கூடும், சாயமும் சீராக ஏறாது. வியர்வை அதிகமுள்ளவருக்கு அது பொருட்டல்ல.

வாய் மடியத் தொடங்கிய ஹோல்ஸ்டரைச் சரிசெய்ய ஆளில்லை என்றால் யாருக்கும் கொடுக்க வேண்டாம். டிரிகர் கார்டு பதிவுக்குக் குறுக்கே வெட்டிக் குப்பையில் போடுங்கள், பட்டனும் திருகாணியும் மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.