தவாங் பயணத்துக்குப் பணம் கட்டியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து அடுத்த மீன்பிடித் தடைக்காலத்தில் அருணாச்சலப் பிரதேசத்துத் தவாங் போகச் சில குடும்பங்கள் பெயர் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் இரண்டு குடும்பம், ராமநாதபுரத்தில் நாங்கள் பணம் கட்டி ஏமாந்த அதே டிராவல்ஸ் ஆளிடம் முன்பணம் கொடுத்திருக்கிறது. எட்டு மாதமாக வீட்டுக்குள்ளேயே பேசிப் பேசிக் குமைந்ததை அதனால்தான் இப்போது எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அடையாளம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என் அண்ணனுக்கு விசைப்படகில் பங்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கட்டிக் கிடக்கும். ஆசிரியையான எனக்கும் அப்போதுதான் விடுமுறை. நான்கு ஆண்டு சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் அம்மா, அண்ணன், மதினி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், என் கணவர், நான் என ஏழு பேர் 2025 மே மாதம் கிளம்பினோம். ஊட்டி, மூணாறு என்று மற்றவர்கள் சொல்ல, தவாங்தான் என்று பிடிவாதமாக நின்றவள் நான். தவாங்குக்கு வடக்கே இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே ஓடும் மக்மோகன் எல்லைக்கோட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். அந்தக் கோடு 1914-இல் வரையப்பட்டது, பழைய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் அதே 1914-இல்தான். இந்த ஒற்றுமையைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் வாசலில் இருப்பது கடல் எல்லை. அண்ணன் போன்றவர்கள் அதைத் தாண்டிவிடக்கூடாதே என்ற பயத்திலேயே தொழில் செய்கிறார்கள். மலைமேல் இருக்கும் எல்லை எப்படி இருக்கும் என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

விமான டிக்கெட், வண்டி, தங்குமிடம், பர்மிட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 42,000 ரூபாய் என்றார் அந்த ஆள். ஏழு பேருக்கு 2,94,000. இரண்டு லட்சத்தை அண்ணன் ரொக்கமாகக் கொடுத்தார். ரசீது கேட்டதற்கு, "பில் புத்தகம் அச்சகத்தில் இருக்கிறது அண்ணே" என்று சொல்லிவிட்டுத் தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் பேனாவால் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மீதி 94,000 கூகுள் பேயில் போனது, கடையின் பெயரில் இல்லாத ஒரு பெண்ணின் கணக்குக்கு. மதுரையிலிருந்து சென்னை வழியாகக் கௌஹாத்திக்கு விமான டிக்கெட் மட்டும் ஒழுங்காக வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எங்களுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

பயணத் திட்டத்தை இரண்டு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். அதில், தவாங்கிலிருந்து அரை நாளில் குருடாங்மார் ஏரி என்று ஒரு வரி இருந்தது. குருடாங்மார் வடக்கு சிக்கிமில் இருக்கிறது. சிக்கிமுக்கும் அருணாச்சலத்துக்கும் நடுவே பூட்டான் என்று ஒரு நாடே இருக்கிறது. எங்கோ கிடைத்த இரண்டு திட்டங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். வரைபடத்தோடு பிழைக்கும் நான் அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்பது இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அதே தாளில், கௌஹாத்தியில் காலையில் ஏறினால் இரவு தவாங் என்றும் போட்டிருந்தது. நானூறு கிலோமீட்டருக்கு மேல், அதில் பெரும்பகுதி மலைப்பாதை. அந்த வழி தெரிந்தவர்கள் நடுவில் பொம்டிலாவிலோ திராங்கிலோ ஓர் இரவாவது தங்காமல் போக மாட்டார்கள்.

கௌஹாத்தியில் டெம்போ டிராவலர் வரவில்லை, பழைய சுமோ ஒன்று வந்தது. ஏழு பேரும் பெட்டிகளுமாக நெருக்கிக்கொண்டு தேஸ்பூர் தாண்டி பாலுக்போங் போய்ச் சேர்ந்தோம். அதுவரை அசாம், சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் அருணாச்சலம். வெளிமாநிலத்தவர் யாராக இருந்தாலும், இந்தியக் குடிமக்களே ஆனாலும், இன்னர் லைன் பர்மிட் இல்லாமல் அந்தக் கேட்டைத் தாண்ட முடியாது. ராமநாதபுரத்து ஆள் அனுப்பியிருந்த பர்மிட்டை அச்செடுத்து நெகிழி உறையில் போட்டு மடியிலேயே வைத்திருந்தேன். காவலர் அதை வாங்கி எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தார். பிறகு தாளை வெளிச்சத்தில் உயர்த்தி, தேதி இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் நானும் பார்த்தேன். தேதியில் இருந்த எண்கள் மட்டும் கொஞ்சம் தடிமனாக, வரியை விட்டு ஒரு மயிரிழை மேலே ஏறியிருந்தன. சுற்றிலும் மெல்லிய சாம்பல் நிறக் கட்டம். பழைய பர்மிட் ஒன்றின் மேல் புதுத் தேதியை ஒட்டி நகலெடுத்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். அம்மாவின் பெயரும் மதினியின் பெயரும் இல்லவே இல்லை.

அந்தக் காவலர் எங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்தவில்லை. என் கணவருக்குக் குஜராத்தில் வேலை பார்த்த காலத்து இந்தி இருந்ததால் நிலைமையை விளக்க முடிந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடையைக் காட்டி, இணையத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள் என்றார். ஆளுக்கு ஒரு புகைப்படம், ஆதார் நகல், போகும் ஊர்களின் பெயர், அவ்வளவுதான் கேட்டார்கள். கட்டணம் ஆளுக்குச் சில நூறு ரூபாய். இதற்கு அந்த ஆள் எங்களிடம் தலைக்கு 2,500 என்று கணக்குப் போட்டிருந்தார். எங்கள் கடலில் மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் வாங்காமல் ஒரு படகு தொழிலுக்குப் போக முடியாது, டோக்கன் கையில் வந்ததா என்று அண்ணன் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் ஜெட்டிக்கு நடப்பார். அப்படிப்பட்டவர் அன்றைக்கு அந்த ஜெராக்ஸ் கடைத் திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அந்த இரவை அசாம் பக்கத்து விடுதியில் எங்கள் கைக்காசில் கழித்தோம்.

பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். மறுநாள் நடந்ததை ஆற்றிக்கொள்ள முடியாது.

பர்மிட் வந்து கிளம்பும்போது காலை பதினொரு மணி. திராங் போய்ச் சேரும்போது மாலை மங்கிவிட்டது, இங்கேயே தங்குவோம் என்று அண்ணன் சொன்னார். ஓட்டுநர் ராமநாதபுரத்து ஆளுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். "திராங்கில் ரூம் போடவில்லை அண்ணே. இன்றைக்கே தவாங் போகாவிட்டால் அந்த ரூமும் போய்விடும்" என்றார். வண்டி ஏறத் தொடங்கியது. சமவெளியிலிருந்து கிளம்பிய அதே நாளில் சேலா கணவாய்ப் பக்கம். கணவாயின் உயரம் 13,700 அடி. 2024 மார்ச்சில் திறந்த சுரங்கப்பாதை வழியே போனாலும் 13,000 அடிக்குக் குறையாது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, நம் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். பிறந்ததிலிருந்து கடல் மட்டத்திலேயே வாழ்ந்த 68 வயதுப் பெண்ணை ஒரே மூச்சில் அங்கே ஏற்றினார்கள்.

முதலில் தலைவலி என்றார் அம்மா. பிறகு வாந்தி. சுரங்கத்துக்குச் சற்று முன்பு பேச்சு நின்றுவிட்டது. என் தோளில் சாய்ந்திருந்தவரின் உதடு வெற்றிலை போட்டுக் கழுவியது போல நிறம் மாறியிருந்ததைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். திட்டத்தில் "ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியில் உண்டு" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லிப் பின்கதவைத் திறந்தால், கொசு மருந்து டப்பா அளவில் ஒரு கையடக்கக் கேன் கிடந்தது. எடுத்தபோதே கனமில்லை. மூக்கில் வைத்து அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. என்றைக்கோ யாரோ பயன்படுத்தித் தீர்த்தது.

சுரங்கம் தாண்டிக் கீழே இறங்கி ஜஸ்வந்த்கர் வரை போனோம். 1962 போரில் உயிர் கொடுத்த கார்வால் படைவீரர் ஜஸ்வந்த் சிங் ராவத்தின் நினைவிடம் அது. வழிப்போக்கர்களுக்கு ராணுவத்தினர் தேநீர் கொடுக்கும் இடமும்கூட. இரவு ஒன்பது மணிக்கு அவர்கள்தான் அம்மாவை உள்ளே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்து, ஆக்சிஜன் வைத்து, வெந்நீர் கொடுத்தார்கள். நள்ளிரவு வாக்கில் அம்மா கண்ணைத் திறந்து, "பிள்ளைகள் சாப்பிட்டார்களா தாயி?" என்று கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த வீரர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினேன், அது போதாது.

தவாங்கில் ரூம் இருந்தது. ஒரு பகலும் இருந்தது. 1681-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட, நாட்டிலேயே மிகப் பெரிய புத்த மடாலயத்தைப் பார்த்தோம். ஆனால் நான் எதற்காகப் போனேனோ அந்தப் பூம்லா கணவாயைப் பார்க்கவில்லை. சீன எல்லையில் 15,200 அடி உயரத்தில் இருக்கும் பூம்லாவுக்கு இன்னர் லைன் பர்மிட் மட்டும் போதாது. தவாங்கில் தனி அனுமதி எடுக்க வேண்டும், அதை முந்தின நாளே எழுதிக் கொடுத்து வாங்கி வைக்க வேண்டும். எங்கள் அசாம் வண்டி அங்கே போகாது, உள்ளூர் வண்டிதான் பிடிக்க வேண்டும். எங்களுக்காக யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அடுத்த நாள் திரும்பும் டிக்கெட். "பூம்லா உட்பட" என்று சொல்லித்தான் பணம் வாங்கினார் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

ஊர் திரும்பிப் போய்க் கேட்டதற்கு, பர்மிட் அரசாங்கத்தின் தவறு, உடம்புக்கு வந்தது உங்கள் அம்மாவின் வயது என்றார் அந்த ஆள். மூன்றாம் முறை போனபோது பலகையில் வேறு பெயர் இருந்தது. ஆள் அதே ஆள், மேசையும் அதே மேசை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ரொக்கத்துக்கு எங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்த விசிட்டிங் கார்டின் பின்பக்கம்தான். நல்லவேளையாக மதினி அதைக் குங்குமச் சிமிழ் வைக்கும் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். தேதி ஒட்டிய பர்மிட்டையும் அந்தக் காலிக் கேனையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

முன்பணம் கட்டிய அந்த இரண்டு குடும்பத்துக்கும் சொல்கிறேன். இன்னர் லைன் பர்மிட்டை அருணாச்சல அரசின் தளத்தில் உங்கள் கையாலேயே எடுங்கள், ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். தவாங்கில் இரண்டு முழுப் பகலாவது இல்லாத திட்டத்தில் பூம்லா கிடையாது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வயதானவர்கள் வருவதாக இருந்தால் திராங்கில் ஓர் இரவு ரூம் போட்டதற்கான சீட்டைக் கண்ணால் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ரொக்கம் கொடுத்திருந்தால் இந்த வாரமே இரண்டு பேராகப் போய்த் தேதி, தொகை, கடை முத்திரையோடு ரசீது கேளுங்கள். தர மறுத்தால் அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள். ஆணையத்தில் எங்கள் புகாரின் எண்ணைத் தருகிறேன், சேர்ந்தே போவோம்.